பாய்மரம் முறிந்த பிறகு

பாய்மரம் முறிந்த படகை எப்படியோ கரை சேர்த்து, துறையில் கட்டிவிட்டு, மூச்சு விட்டுக்கொள்ளும் மனிதனுக்கு முதலில் எழுகிற ஆசை, முறிந்ததைவிடப் பருமனான வேறொரு மரத்தை எவ்வளவு விரைவில் முடியுமோ அவ்வளவு விரைவில் நட்டுவிட வேண்டும் என்பதுதான். இயல்பான ஆசை, அநுதாபத்துக்கு உரிய ஆசையுங்கூட. ஆயினும் அதற்கு இடங்கொடுத்தல் ஆகாது என்பது என் திடமான அபிப்பிராயம். பாய்மரம் விழுவது பெரும்பாலும் பாய்மரத்தின் குற்றத்தால் அன்று. அதைப் பிடித்து நிறுத்தியிருந்த கம்பிகளில் ஒன்றோ, கம்பியைப் படகோடு பிணைத்த உலோகப் பட்டையோ, பட்டையில் செருகியிருந்த சுண்டுவிரல் பருமனும் இல்லாத ஓர் ஆணியோ முதலில் கைவிட்டிருக்கும். மரம் அதன் பின்னரே விழுந்திருக்கும். கைவிட்டது எது என்று கண்டறியாமல் புது மரம் நடுகிறவன், அதே ஆணியை நம்பியே மறுபடியும் கடலுக்குப் போகிறான்.

சிறிய பாய்ப்படகில் மரம் தன் காலில் தானே நிற்பது அபூர்வம். அணியத்திலிருந்து ஒரு கம்பியும், அமரத்திலிருந்து ஒரு கம்பியும், இரு விலாக்களிலிருந்து இரண்டோ மூன்றோ கம்பிகளும் அதன் உச்சியையும் நடுவையும் பற்றிக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டிருக்க, அந்த இழுப்புகளின் சமநிலையிலேதான் அது நிமிர்ந்து நிற்கிறது. காற்று பாயில் மோதிப் படகைச் சாய்க்க முற்படும்போது, படகின் அடியிலே கட்டியிருக்கும் ஈயமோ இரும்போ சாயவிடாமல் எதிர்க்கிறது. இவ்விரண்டின் மல்லுக்கட்டும் காற்று வரும் பக்கத்துக் கம்பிகளில் இழுவிசையாக ஏற, அந்த இழுவிசை அத்தனையும் மரத்தை அதன் பீடத்தை நோக்கி அழுத்தும் பாரமாக மாறுகிறது. நேராக நிற்கிற மட்டும் மெல்லிய மரமும் இந்தப் பாரத்தைச் சிரமமின்றித் தாங்கும். ஒரு கம்பி தளர்ந்து மரம் வளையத் தொடங்கிவிட்டாலோ, நேற்றுவரை சுமந்த பாரத்தைச் சுமக்க மாட்டாமல் இமைப்பொழுதில் மடிந்துவிடும். ஆகவே பருமனைக் கூட்டுவதால் கிடைக்கும் லாபம் சொற்பம், நஷ்டமோ அதிகம். உச்சியில் கூடுகிற ஒவ்வொரு கிலோவும் அடியிலுள்ள ஈயத்துக்கு விரோதமாக வேலை செய்கிறது. படகு முன்னிலும் எளிதாகச் சாய்கிறது. பாயை முன்னிலும் சீக்கிரமாகச் சுருக்க நேர்கிறது. அலையில் தத்தளிக்கும் சமயங்களில் தலைப்பாரம் ஏறிய மரம் தன் கம்பிகளையே வெடுக்கென்று இழுத்து அவற்றின் ஆயுளைக் குறைக்கிறது.

இதற்குச் சாட்சியாக 2018ஆம் ஆண்டின் கோல்டன் குளோப் பந்தயத்தைச் சொல்வேன். பம்பாயில் கட்டப்பட்ட 'சுஹைலி' என்ற 32 அடித் தேக்குப் படகில் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968இல் தன்னந்தனியாகப் புறப்பட்டு, எங்கும் கரையேறாமல் உலகைச் சுற்றி 1969 ஏப்ரலில் வீடு திரும்பிய பிரயாணத்தின் பொன்விழாவை ஒட்டி, அந்தக் காலத்துப் படகு அமைப்போடும், அந்தக் காலத்துச் சாதனங்களோடும் நடத்தப்பட்ட பந்தயம் அது. அதில் ஐந்து படகுகள் பாய்மரம் இழந்தன. பந்தயத்தை முடித்த படகுகளும் ஐந்தே. முதலாவதாக வந்த ழான்-லூக் வான் டென் ஹீட் என்ற பிரெஞ்சுக்காரருக்கு அப்போது வயது 73. அவருடைய மரமும் விழுந்திருக்க வேண்டியதுதான். 2018 நவம்பர் தொடக்கத்தில், பசிபிக் சமுத்திரத்தின் தென்கோடியில், ஹார்ன் முனைக்கு ஏறக்குறைய 2,000 கடல்மைல் மேற்கே, ஒரு பேரலை அவருடைய படகைத் தலைகீழாகப் புரட்டி நிமிர்த்தியது. மரம் நின்றது, ஆனால் அதன் நடுப்பகுதியைப் பக்கவாட்டில் தாங்கும் கம்பிகளை மரத்தோடு பிணைத்திருந்த மரையாணி, அலுமினியச் சுவரைக் கிழித்துக்கொண்டு ஓர் ஐந்து சென்டிமீட்டர் கீழே இறங்கிவிட்டது. ஐந்து சென்டிமீட்டர் போதும். கம்பிகள் தொய்ந்தன, மரம் அசைந்தாடத் தொடங்கியது. சிலி நாட்டுத் துறைமுகம் ஒன்றில் ஒதுங்கிச் செப்பனிடலாமா என்று முதலில் யோசித்தவர், பிறகு, அலையில் ஆடும் அந்த மரத்தின்மேல் ஒரு முறைக்குப் பல முறை தாமே ஏறி, நழுவிய இடத்தைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, கம்பிகளை மீண்டும் முறுக்கி, பாயைக் குறைத்து, ஹார்ன் முனையைச் சுற்றி வந்து 2019 ஜனவரி 29 அன்று பிரான்சின் லே சாப்ல்-தொலோன் துறையை அடைந்தார். அவருக்கு வெற்றியைத் தந்தவற்றுள், எந்த ஆணி நழுவியது என்று அவர் கண்டுகொண்டதையே நான் முதலில் வைப்பேன்.

மற்றவர்களின் கதி வேறு. அதே ஆண்டு செப்டம்பர் 21 அன்று, இந்து சமுத்திரத்தின் தென்பகுதியில், மணிக்கு 130 கிலோமீட்டர் வேகக் காற்றும் 14 மீட்டர் அலையும் சேர்ந்து வந்தபோது, நம் நாட்டுக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியின் 'தூரியா' புரண்டு, மரங்கள் முறிந்து, அவரும் முதுகெலும்பு முறிந்து அசைய முடியாமல் கிடந்தார். 'சுஹைலி'யின் மாதிரியாகக் கோவாவில் கட்டப்பட்ட படகு அது. அரக்கோணத்தைத் தளமாகக் கொண்ட நம் கடற்படையின் பி-8ஐ விமானங்களில் ஒன்று மொரீஷியஸிலிருந்து பறந்து அவரைக் கண்டுபிடிக்க, பிரெஞ்சு மீன்வள ரோந்துக் கப்பல் 'ஒஸிரிஸ்' மூன்றாம் நாள் அவரை மீட்டது. அதே புயலில் தம் இரு மரங்களையும் இழந்த அயர்லாந்துக்காரர் கிரெகர் மக்கக்கின், தற்காலிகமாக ஒரு கோலை நட்டுப் பாய் கட்டி, தம்மைப் பற்றி எண்ணாமல் டோமி கிடந்த திசையை நோக்கிப் படகைத் திருப்பினார் என்பதை மனித குலம் மறக்கலாகாது. இத்தகைய புயலில் படகு தலைகீழாகும்போது நீரின் வேகமே மரத்தை ஒடித்துவிடுகிறது. அங்கே ஆணியைக் குறை சொல்வது அநியாயம். ஆனால் உலகத்துச் சிறு படகுகளில் மரம் இழப்பவை எல்லாம் தென்சமுத்திரத்திலா இழக்கின்றன? துறைமுகத்துக்கு வெளியே, சாதாரணக் காற்றில், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில், எல்லாம் நன்றாகத்தானே இருக்கின்றன என்று உரிமையாளர் நம்பிக்கொண்டிருக்கும்போதே விழுகிற மரங்களே மிகுதி.

எவர்சில்வர் என்றால் துருப்பிடிக்காது என்பது நம் சமையலறைகளில் வேரூன்றிய நம்பிக்கை. படகுக் கம்பிகள் பெரும்பாலும் அந்த இனத்தைச் சேர்ந்த எஃகால் ஆனவை. அந்த எஃகில் கலந்திருக்கும் குரோமியம் காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய போர்வையை உண்டாக்குவதால்தான் அது பளபளக்கிறது. காற்று புகாத இடத்தில், உப்புநீர் மட்டும் கசிந்து தேங்கும் இடத்தில், அந்தப் போர்வை அழிந்தால் மறுபடி உண்டாவதில்லை. மேல்தளத்தைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கும் பட்டைகள், கம்பியின் நுனியைக் கவ்விப் பிடித்திருக்கும் உலோகக் குழாய்கள் ஆகியவை அத்தகைய இடங்கள். வெளியில் தெரியும் பாகம் புதிது போல் மின்னிக்கொண்டிருக்க, தளத்தின் கனத்துக்குள் மறைந்திருக்கும் இரண்டு அங்குலம் பாதியாகத் தேய்ந்திருக்கும். பத்திலிருந்து பதினைந்து ஆண்டுக்குள் கம்பிகள் முழுவதையும் மாற்றிவிட வேண்டும் என்று அநுபவஸ்தர்கள் வற்புறுத்துவது இதனால்தான். வயதான கம்பியின் மீது ஒரு பஞ்சுத்துணியை மெல்ல இழுத்துக்கொண்டு போனால், அறுந்த இழை இருக்குமிடத்தில் துணி சிக்கிக்கொள்ளும். அதற்கு மேல் ஒரு பரீட்சை தேவையில்லை, அந்தக் கம்பியின் காலம் முடிந்துவிட்டது.

கம்பிகளே இல்லாத மிகச் சிறிய படகிலும் இதே நியாயந்தான். சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணனும் வேலூர்க்காரரான விஷ்ணு சரவணனும் டோக்கியோவிலும் பாரிஸிலும் நடந்த ஒலிம்பிக் பந்தயங்களில் செலுத்திய இல்கா வகைப் படகை, அதாவது லேசர் என்று எல்லாரும் அழைக்கும் படகை, எடுத்துக்கொள்வோம். அதன் மரம் ஒன்றுக்குள் ஒன்று செருகிய இரு குழாய்கள். அலுமினியத்தால் ஆன மேல்குழாய் முறிந்தால், பிளாஸ்டிக் வளையத்தை அதனோடு பிணைக்கும் ரிவெட்டுக்காகப் போட்ட சிறு துளையில்தான் வழக்கமாக முறியும். குழாய் மிகவும் வளைகிற இடமும் அதுவே, துளை போட்ட இடமும் அதுவே.

மரம் விழுந்த கணத்தில் செய்ய வேண்டியதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஏனெனில் புது மரத்தின் சரித்திரம் அங்கேயே தொடங்குகிறது. முறிந்த மரம் தன் கம்பிகளில் தொங்கியபடி படகின் பக்கத்தில் மிதந்து, ஒவ்வோர் அலைக்கும் ஓர் இடியாகப் படகின் விலாவில் மோதும். விலா ஓட்டையாவதற்கு முன் ஆணிகளைத் தட்டிக் கழற்றியோ கம்பிகளை வெட்டியோ அதை அப்புறப்படுத்த வேண்டும். கயிறுகள் நீரில் கிடக்கும்போது அவசரப்பட்டு இயந்திரத்தை ஓட்டினால் அவை சுழல்விசிறியில் சுற்றிக்கொண்டு கேடு இரட்டிப்பாகும். ஆனால் மீட்க முடிந்த துண்டு எதையும் கடலுக்குக் கொடுக்கலாகாது. பாயின் அடியைத் தாங்கும் பருமல் தப்பினால் அதுவே தற்காலிக மரமாகும். தற்காலிக மரம் கரை சேர்வதற்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். 1979 ஆகஸ்டில் ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் பதினைந்து வீரர்கள் புயலுக்குப் பலியான பின்பு நிபுணர்கள் செய்த ஆராய்ச்சிகளில் தெளிவான விஷயம் ஒன்று உண்டு. படகு பக்கவாட்டில் உருளுவதைத் தாமதப்படுத்தும் ஜடத்துவத்தில் பெரும்பங்கு உயர்ந்து நிற்கும் பாய்மரத்துக்கே உரியது. மரத்தை இழந்த படகை அடுத்த அலை முன்னிலும் சுலபமாகப் புரட்டிவிடும்.

கையால் வேலை செய்யத் தெரிந்த ஒருவன் படகில் இருப்பதன் அருமையை 'ட்ஸு ஹாங்' படகின் கதையைப் போல வேறெதுவும் எனக்கு உணர்த்தியதில்லை. மைல்ஸ் ஸ்மீட்டன், பெரில் ஸ்மீட்டன் என்ற தம்பதியும், ஜான் குஸ்வெல் என்ற இளைஞரும், ஒரு பூனையுமாக மெல்போர்னிலிருந்து ஹார்ன் முனையை நோக்கிப் புறப்பட்ட அந்த 46 அடிப் படகு, 1957 பிப்ரவரி 14 அன்று ஓர் அலையில் அணியம் அமிழ்ந்து தலைகுப்புறக் கவிழ்ந்து எழுந்தது. பாதுகாப்புக் கயிறு அறுந்து கடலில் எறியப்பட்ட பெரில் அம்மையார் நீந்தி வந்து படகைப் பற்றினார். இரண்டு மரங்களும் போயின, மேல்தளத்தில் ஒரு கட்டில் அகலத்துக்குத் திறப்பு, உள்ளே வெள்ளம். குஸ்வெல் தச்சு வேலை அறிந்தவர். 'ட்ரெக்கா' என்ற 20 அடிப் படகைத் தம் கையாலேயே கட்டி, பிற்பாடு அதில் உலகைச் சுற்றி முடித்தவர். அவர் அந்தத் திறப்பைப் பலகையாலும் பாய்த்துணியாலும் மூடி, கைக்குக் கிடைத்த மரத்துண்டுகளை இணைத்து ஒரு பாய்மரம் செய்தார். மெல்போர்னை விட்ட 87ஆம் நாள், பூனை உட்பட எல்லாரும் சிலியின் கரையை அடைந்தார்கள். அங்கே தால்காவானோ கடற்படைத் துறையில் மாதக்கணக்கில் செப்பனிட்டு, தம்பதி இருவர் மட்டுமாக மறுபடி புறப்பட்ட படகு, அந்த ஆண்டுக் கடைசியிலேயே இரண்டாம் முறையும் புரண்டு மரங்களை இழந்தது. இம்முறை அவர்கள் இருவருமே தற்காலிக மரம் நட்டு வால்பராய்ஸோ சேர்ந்தார்கள். முதல் விபத்தில் குஸ்வெல் செய்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் அல்லவா?

இனி, புது மரத்துக்கு வருவோம். முறிந்த துண்டுகளைக் கரையில் வரிசையாகப் போட்டு, ஒவ்வொரு பூட்டும் அடியிலிருந்து எத்தனை அங்குலத்தில் இருந்தது என்று குறித்துக்கொள்வதே முதல் வேலை. துண்டுகள் கடலோடு போயிருந்தால், பாயின் முன்விளிம்பையும் மிஞ்சிய கம்பிகளையும் அளந்து உயரத்தைக் கணக்கிட வேண்டும். அந்த உயரத்தை அப்படியே வேதவாக்காகக் கொள்ள வேண்டுமென்பதில்லை. தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதரான ஜோஷுவா ஸ்லோகம், மெகல்லன் நீரிணைக்குள் நுழையுமுன் புவனோஸ் ஐரெஸ் துறையில் தம் 'ஸ்ப்ரே' படகின் முறியாத மரத்தையே இறக்கி ஏழு அடி குறைத்துக்கொண்டார். காற்று பலத்த கடலுக்குப் போகிறவன் மரத்தைத் தடிப்பாக்க நினைப்பதைவிடக் குட்டையாக்க நினைப்பதே விவேகம் என்பேன்.

அலுமினியமா, மரமா, கார்பன் ஃபைபர் எனப்படும் கரிநாரா என்ற விவாதத்தில் நெடுநேரம் செலவிட எனக்கு விருப்பமில்லை. அலுமினியப் பாய்மரம் விலைக்குக் கிடைக்கும். கரிநார் இலேசானது, விலை மிகுந்தது. பழைய படகுக்கு மரமே பொருத்தம் என்பது என் கட்சி. அதற்குக் காரணம் அழகு மட்டுமன்று. மரத்தாலான பாய்மரத்தைச் செய்யவும் செப்பனிடவும் ஒரு தச்சுப் பட்டறையே போதும் என்பதும் காரணம். அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் வளரும் சிட்கா ஸ்ப்ரூஸ் என்ற மரம், எடைக்கு எடை பார்த்தால் உறுதியில் நிகரற்றது. விமானங்களே அதனால் செய்யப்பட்ட காலம் உண்டு. முடிச்சில்லாத, ரேகை நேராக ஓடும் பலகைகளைத் தேர்ந்து எட்டு நீண்ட சட்டங்களாக அறுத்து, நீளம் போதாத இடங்களில், ஓர் அங்குலக் கனத்துக்குப் பன்னிரண்டு அங்குலச் சரிவாக நுனிகளைச் சீவி ஒட்டி நீட்டுவார்கள். ஒவ்வொரு சட்டத்தின் ஓர் ஓரத்தில் மட்டும், பறவை அலகைத் திறந்தாற்போல, நேர்கோணத்தில் ஒரு வெட்டு. ஒன்றன் வெட்டில் மற்றொன்றின் சதுர ஓரம் உட்கார, எட்டாவது சட்டம் முதலாவதன் அலகுக்குள் புகுந்ததும் வளையம் பூர்த்தியாகிறது. பசை தடவி, சாண் இடைவெளிக்கு ஒன்றாகப் பட்டை போட்டு இறுக்கி, ஒரு நாள் விட்டுப் பிரித்தால், உள்ளே பொள்ளலும் வெளியே எட்டு முகமும் கொண்ட குழாய் கிடைக்கும். அடிப்பீடத்திலும், கம்பிகள் பூட்டுகிற இடங்களிலும் மட்டும் உள்ளே கட்டைகளை முன்கூட்டியே வைத்து ஒட்டியிருப்பார்கள். பிறகு இழைப்புளியின் வேலை: எட்டு முகம் பதினாறாகி, பதினாறு முப்பத்திரண்டாகி, கடைசியில் உப்புத்தாளுக்கு வந்து சேரும்போது உருண்டையாகிவிடும். கண்ணை நம்பாமல் உள்ளங்கையை நம்பித் தடவிப் பார்த்தே மேடு பள்ளத்தைக் கண்டுபிடிக்கிறார்கள்.

மரத்தை நடுமுன் பீடத்தைப் பார்த்தாக வேண்டும். படகின் வயிற்றில் தேங்கும் நீரிலேயே ஊறிக் கிடப்பதால் முதலில் உளுத்துப்போவது அதுதான். உளுத்த பீடத்தின் மேல் நிற்கும் மரம் அங்குலம் அங்குலமாக அமுங்க, கம்பிகள் தாமே தொய்கின்றன. (லண்டனில், தேம்ஸ் ஆற்றின் பிளாக்ஃபிரையர்ஸ் கரையில் 1962இல் தோண்டியெடுத்த ரோமானியக் கப்பலின் பீடக் குழியில் டொமீஷியன் சக்கரவர்த்தியின் நாணயம் ஒன்று இருந்தது, அதிர்ஷ்ட தேவதை சுக்கானைப் பிடித்திருக்கும் பக்கம் மேல்நோக்கி இருந்ததாம். இன்றும் பலர் பீடத்தில் நாணயம் வைக்கிறார்கள்.) நட்டபின், மரத்தின் அடியில் மண்டியிட்டு, துப்பாக்கிக்காரன் குறி பார்ப்பது போல உச்சிவரை ஒரு கண்ணால் நோக்கி, மரம் நேராகும்வரை பக்கத்துக் கம்பிகளின் டர்ன்பக்கிள்களை மாறி மாறி அரைச் சுற்று அரைச் சுற்றாக முறுக்க வேண்டும். புதுக் கம்பி முதல் சில ஓட்டங்களில் நீளும். அப்போது மறுபடி முறுக்க வேண்டும். ஒவ்வோர் ஆணியின் துளையிலும் ஸ்பிளிட் பின் செருகி, கால்களைச் சிறிதளவே விரித்து, பாய் கிழியாதிருக்க நாடா சுற்ற வேண்டும். பின்னோக்கி முழுதும் மடக்கிவிட்டால் ஆபத்து வேளையில் கழற்ற முடியாது.

இதையெல்லாம் தொழில் தெரிந்த ஆளிடம் ஒப்படைத்துவிட்டால் தீர்ந்தது, உரிமையாளர் ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. தொழிலாளியின் சாமர்த்தியத்தை நான் எள்ளளவும் குறைத்து மதிப்பிடவில்லை. பெரிய மரத்தைத் தூக்கி நடுவதற்குக் கிரேனும் அவரும் வேண்டியவர்களே. ஆனால் ஆயிரம் மைல் தொலைவில் ஆணி நழுவும்போது அவர் உடனிருப்பதில்லை. ஆகையால் அவர் வேலை செய்யும் நாட்களில் உரிமையாளர் பக்கத்தில் நிற்க வேண்டும். ஒவ்வொரு பூட்டையும் ஒரு முறையாவது தம் கையால் கழற்றி மாட்ட வேண்டும்.

முதுகெலும்பில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு நடக்கப் பழகிய அபிலாஷ் டோமி, அடுத்த கோல்டன் குளோப் பந்தயத்தில் கலந்து, 2023 ஏப்ரலில் இரண்டாமவராக வந்து சேர்ந்தார் என்பது பத்திரிகை வாசகர்கள் அறிந்ததே. அவரிடம் பயிற்சி பெற்ற இரு பெண் அதிகாரிகள், கேரளத்தின் தில்னாவும் புதுச்சேரியின் ரூபா அழகிரிசாமியும், 'தாரிணி' படகில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து புறப்பட்டு, ஹார்ன் முனையைச் சுற்றி, 2025 மே மாதத்தில் திரும்பினார்கள். இவர்களைக் கண்டு உற்சாகமடைந்து சென்னைத் துறைமுகத்திலும் கடலோரப் பயிற்சி நிலையங்களிலும் சேருகிற சிறுவர் சிறுமியருக்குப் பாயை விரிக்கவும் சுருக்கவும் காற்றை அறியவும் கற்பிக்கிறார்கள், நல்லதே. மரத்தை இறக்கிப் பரிசோதிக்கவும் அவர்களுக்குக் கற்பிக்க வேண்டும் என்று சொல்லவே இவ்வளவும் எழுதினேன். ஆண்டுக்கு ஒரு முறை, வடகிழக்குப் பருவக் காற்று வீசிப் படகுகள் கரையில் கிடக்கும் வாரங்களில், ஒவ்வொரு மாணவனும் மாணவியும் தம் படகின் மரத்தை இறக்கி, ரிவெட்டையும் ஆணியையும் கழற்றி, பூதக்கண்ணாடியால் பார்த்து, கண்டதைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும். முறிந்த மரங்களைப் பழைய அலுமினியமாக எடைக்குப் போடாமல், முறிந்த வாய் தெரியும்படி பயிற்சிக்கூடத்துச் சுவரில் மாட்டிவைக்க வேண்டும். ஒருவர் பருமலை நட்டுத் தற்காலிகப் பாய் கட்ட, மற்றவர் கடிகாரம் பார்க்கும் போட்டியொன்றை அமைதியான கடலில் நடத்தலாம். இதற்கெல்லாம் அரசாங்கத்தின் மானியமோ அந்நிய நாட்டு நிபுணரோ தேவையில்லை. நிலையத்தை நடத்துகிறவர்கள் வரும் நவம்பரிலேயே தொடங்கலாம்.